வெளியில் வைக்கும் காஸ் கிரிலில் கசிவு சந்தேகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ் வாசனை லேசாக மூக்கில் பட்டதும், "ஒன்றுமில்லை, வெறும் பிரமை" என்று சொல்லிக்கொண்டு பற்றவைக்கப் போகிறவர்கள் உண்டு. பதறிப்போய் ட்யூபைப் பிடித்து இழுக்கிறவர்களும் உண்டு. இருவருக்காகவும்தான் இந்தப் பதில்கள். பெரும்பாலும் சிலிண்டரில் ஓடும் கிரிலைப் பற்றிப் பேசுகிறேன். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

கிரில் இன்னும் பற்றவைக்கவில்லை. காஸ் வாசனை வருகிறது. முதலில் எதைத் தொடுவது?

சிலிண்டர் வால்வை. அது வலச்சுற்றாகத் திருப்பினால் மூடும். மேலே பொருத்தி அழுத்தும் வகை ரெகுலேட்டராக இருந்தால் அதன் சுவிட்சை மூடிய நிலைக்குத் திருப்புங்கள். அதற்குப் பிறகு பர்னர் குமிழ்களை மூடலாம், கிரில் மூடியைத் திறந்துவைக்கலாம். வரிசை முக்கியம்: கசிவு எங்கே என்று தெரியாதபோது, காஸ் புறப்படும் இடத்தில் அடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் ட்யூப், இணைப்பு, பர்னர் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வழி அடைபடும்.

பக்கத்தில் சிகரெட், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, வேறு அடுப்பு என்று எது எரிந்தாலும் அது சிலிண்டருக்கு அருகில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் மற்றவர்களையும் தள்ளிப்போகச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் தள்ளி வந்துவிடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து கிரிலை நோக்கி வீசும் இடத்தில் நில்லுங்கள்.

வால்வை நெருங்கவே முடியாத அளவுக்குச் சத்தமாகச் சீறிக்கொண்டு காஸ் வந்தால் அதை மூடப் போக வேண்டாம். விலகிப் போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கிரில் எரிந்துகொண்டிருக்கும்போது வாசனை வந்தால்?

அதே முதல் வேலைதான்: சிலிண்டர் வால்வு. ட்யூபில் மிச்சம் இருக்கும் காஸ் பர்னரில் எரிந்து தீரும், சுடர் தானாக அடங்கும். அதன்பின் குமிழ்களை மூடுங்கள். உள்ளே பாதி வெந்த உணவு இருக்கிறதே என்று ஐந்து நிமிடம் தள்ளிப்போடாதீர்கள். எரிகிற கிரிலில் நெருப்புக்குத் தனியாக யாரும் தீக்குச்சி கொண்டுவரத் தேவையில்லை. அது அங்கேயே இருக்கிறது.

திறந்தவெளிதானே? காற்றில் கலைந்து போகாதா?

கலையும், ஆனால் நாம் நினைக்கும் வேகத்தில் அல்ல. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் அல்லது இரண்டின் கலவை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே கசிந்த காஸ் மேலே போகாமல் கீழே இறங்கும். தண்ணீரைப் போலத் தரையோடு ஓடிப் பள்ளம் தேடும். சாக்கடை, நிலவறையின் ஜன்னல், படிக்கட்டின் அடிப்பகுதி, கிரிலுக்குக் கீழே இருக்கும் கதவு போட்ட அலமாரி என்று எங்கே தங்க முடியுமோ அங்கே தங்கும். மூன்று பக்கம் சுவர் உள்ள பால்கனியும் காற்றே அசையாத மாலை நேர முற்றமும் பெயருக்குத்தான் திறந்தவெளி.

அளவையும் பாருங்கள். 1 லிட்டர் திரவ புரொப்பேன் ஆவியானால் சுமார் 270 லிட்டர் காஸ் ஆகும். காற்றில் புரொப்பேன் சுமார் 2.1 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தக் கலவை தீப்பிடிக்கும். கணக்குப் போட்டால், அந்த ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்றை, அதாவது ஒரு சின்ன அறை முழுவதையும், பற்றிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். நிற்கும் உயரத்தில் முகர்ந்து பார்த்து வாசனை இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகப் போவதும் இதனால்தான். காஸ் உங்கள் கணுக்கால் உயரத்தில் இருக்கலாம்.

முதலில் நன்றாக வாசனை வந்தது, இப்போது வரவில்லை. கசிவு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பில் மூக்கை உறுத்தும் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டான் போன்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அழுகிய முட்டையோ முட்டைக்கோசோ போன்ற அந்த நாற்றத்துக்கு மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். சில நிமிடம் அதிலேயே நின்றால் நாற்றம் இருந்தும் தெரியாது. சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் முதலிலேயே தெரியாமல் போகலாம். துருப்பிடித்த சிலிண்டரின் உட்சுவரும் அந்த மணப்பொருளைக் கொஞ்சம் உறிஞ்சி வாசனையைக் குறைத்துவிடும்.

வாசனை வந்தால் நம்புங்கள். வராவிட்டால் அதை மட்டும் நம்பாதீர்கள். கசிவு நின்றதா என்று சொல்லும் தகுதி கீழே வரும் சோப்பு நுரைக்குத்தான் உண்டு.

வால்வை மூடியும் வாசனை நிற்கவில்லை. இனி?

இனி அது உங்கள் கையில் இல்லை. எல்லோரும் விலகிப் போங்கள், தூரத்தில் நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள், காஸ் கொடுத்தவருக்கும் சொல்லுங்கள். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவது, ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்ப்பது, ஸ்பானரால் வால்வை முறுக்குவது எதுவும் வேண்டாம். மூடிய வால்விலிருந்து காஸ் வருகிறது என்றால் வால்வே பழுது. அழுத்தத்தில் இருக்கும் வால்வை முறுக்கி உடைத்தால் சிறு கசிவு பெருங்கசிவாகும்.

வாசனை வீட்டுக்குள்ளும் வந்திருந்தால் உள்ளே விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். சுவிட்ச் விலகும்போதும் சேரும்போதும் உள்ளே சிறு பொறி வரும். அருகில் நிற்கும் வண்டியையும் கிளப்பாதீர்கள்.

செல்போனில் பேசினால் பற்றிக்கொள்ளுமா?

அந்த விவாதத்தில் இறங்காமலே இதைத் தீர்த்துவிடலாம். விலகிப் போன பிறகு பேசுங்கள். கசிகிற சிலிண்டர் அருகில் நின்று முகவரி சொல்லிக்கொண்டிருப்பதில் எந்த லாபமும் இல்லை.

வாசனை அடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் கழித்துச் சோதிக்கலாம்?

குமிழைத் திருப்பிவிட்டுப் பற்றாமல் போனதால் வந்த வாசனை என்றால், எல்லாவற்றையும் மூடி, கிரில் மூடியைத் திறந்துவைத்து, குறைந்தது 5 நிமிடம் பொறுக்க வேண்டும். காரணம் தெரியாத வாசனை என்றால் நான் நிமிடம் சொல்ல மாட்டேன். காற்று வீசும் திறந்த முற்றத்தில் சீக்கிரம் கலைந்துவிடும். காற்றில்லாத நாளில் சுவர் மூலையில் வெகுநேரம் தேங்கும். தள்ளி வந்து நல்ல காற்றை மூச்சு வாங்கி, பிறகு திரும்பிப் போய்த் தாழ்வான இடங்களிலும் வாசனை இல்லை என்று பார்த்து, அதற்கு மேலும் கொஞ்ச நேரம் விட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். அன்றைக்கு விருந்தினர் காத்திருந்தால் வேறு அடுப்பில் சமையுங்கள்.

சோப்பு நுரைச் சோதனையை எப்படிச் செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பாத்திரம் கழுவும் திரவ சோப்பையும் தண்ணீரையும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். தெளிக்கும் பாட்டில் இருந்தால் வசதி. இல்லையென்றால் ஒரு தூரிகையோ பஞ்சோ போதும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் வேண்டாம், அவை பித்தளை இணைப்புகளைக் கெடுக்கும்.

கிரில் ஆறியிருக்க வேண்டும், வெளியில் இருக்க வேண்டும், அருகில் எந்த நெருப்பும் இருக்கக் கூடாது. பர்னர் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். ஒவ்வொன்றையும் கையால் அழுத்தித் திருப்பி உறுதி செய்யுங்கள். பாதி திறந்த குமிழ் ஒன்று இருந்தால் சோதனை செய்யும்போதே கிரிலுக்குள் காஸ் நிரம்பிக்கொண்டிருக்கும். இப்போது சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். பற்றவைக்க வேண்டாம். ட்யூபுக்குள் அழுத்தம் ஏறினால்தான் கசிவு தன்னைக் காட்டும், அதற்காகத்தான் திறக்கிறோம்.

பிறகு சோப்புத் தண்ணீரை வழிய வழியப் பூசுங்கள்: வால்வின் கைப்பிடித் தண்டு, வால்வு சிலிண்டரோடு சேரும் இடம், வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டர், ட்யூபின் இரண்டு முனைகள், ட்யூப் முழு நீளமும் அடிப்பக்கம் உட்பட, கடைசியாக ட்யூப் கிரிலோடு சேரும் இடம். பக்கத்தில் தனி பர்னர் இருந்தால் அதற்குப் போகும் குழாயையும் விடாதீர்கள். பூசியதும் நகர்ந்துவிடாமல் ஒவ்வொரு இடத்தையும் அரை நிமிடமாவது உற்றுப் பாருங்கள். பூசும்போது வந்த நுரை அப்படியே நிற்கும் அல்லது உடையும். கசிவு இருந்தால் புதிதாகக் குமிழி முளைத்துப் பெரிதாகும், உடைந்து மறுபடி முளைக்கும். மிக நுண்ணிய கசிவில் வெண்ணுரைக் கொத்து மெல்லத் திரளும். அவசரக் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

முடிந்ததும் சிலிண்டரை மூடி, சோப்பைத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் பழக்கம் எங்கேயாவது இன்னும் இருந்தால் அதை அன்றோடு விட்டுவிடுங்கள்.

குமிழி வந்துவிட்டது. நானே சரிசெய்யலாமா?

எங்கே வந்தது என்பதைப் பொறுத்தது. எங்கே வந்தாலும் முதலில் சிலிண்டரை மூடுங்கள்.

ரெகுலேட்டர் சேரும் இடத்தில் என்றால், கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெடிப்பு, நசுங்கல், மணல் துகள், வாஷரே இல்லாமை என்று காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். சுத்தம் செய்து, திருகு மரை நேராக ஏறும்படி மறுபடி பொருத்தி, மறுபடி நுரைச் சோதனை செய்யுங்கள். சில இணைப்புகள் வழக்கத்துக்கு மாறாக இடச்சுற்றில் முறுகும். எதிர்த்திசையில் பலம் காட்டி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். கையால் முறுக்க வேண்டிய இணைப்பைக் கையால் மட்டும் முறுக்குங்கள்.

ட்யூபில் என்றால் ட்யூபை மாற்றுங்கள். டேப் சுற்றுவது, பசை தடவுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் ஏமாற்று வேலை. மாற்றும்போது உங்கள் கிரில் தயாரிப்பாளர் சொல்லும் வகையையே வாங்குங்கள், தண்ணீர்க் குழாயோ வேறு ரப்பர் குழாயோ காஸுக்கு ஆகாது. ரெகுலேட்டரின் உடலிலேயே குமிழி வந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும், பிரித்துப் பார்க்கக் கூடாது. 20 டிகிரி செல்சியஸில் சிலிண்டருக்குள் புரொப்பேனின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 8 மடங்கு. வீட்டு கிரில் பலவற்றின் பர்னருக்குப் போவதோ சுமார் 30 மில்லிபார்தான். இருநூறு மடங்குக்கு மேல் அழுத்தத்தைக் குறைக்கும் கருவியை மேசையில் வைத்துப் பழுதுபார்க்க முடியாது.

சிலிண்டர் வால்விலோ சிலிண்டர் உடலிலோ குமிழி என்றால் கை வைக்கவே வேண்டாம். வால்வை மூடிய பிறகும் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் மேலே சொன்னபடி விலகித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மூடினால் நிற்கிறது என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை வெளியிலேயே நிமிர்த்தி வைத்து, காஸ் கொடுத்தவரை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கசிகிற சிலிண்டரைக் காரில் வைத்துக் கடையில் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். மூடிய கார் என்பது காஸ் தேங்குவதற்கென்றே செய்த பெட்டி மாதிரி ஆகிவிடும், பொறியும் கூடவே பயணம் செய்யும்.

ட்யூபிலோ ரெகுலேட்டர் பக்கத்திலோ தீப்பிடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றலாமா?

சுடருக்குள் கையை விடாமல் வால்வை எட்ட முடியுமா என்று ஒரு பார்வையில் தீர்மானியுங்கள். முடியும் என்றால் வெப்பம் தாங்கும் கையுறையோடு மூடுங்கள். காஸ் நின்றதும் தீ நிற்கும். முடியாது என்றால் எல்லோரையும் வெகுதூரம் அழைத்துப்போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

காஸை நிறுத்த முடியாதபோது தீயை மட்டும் அணைப்பது கேட்கும்போது நல்ல காரியமாகத் தோன்றும். ஆனால் அணைத்த பிறகும் காஸ் வந்துகொண்டேதான் இருக்கும். இப்போது அது எரியாமல் பரவும், சூடான இரும்பிலோ எங்கோ ஒரு பொறியிலோ பட்டு மொத்தமாகப் பற்றும். எரிந்துகொண்டிருக்கும் கசிவு, எரியாமல் பரவும் கசிவைவிடப் பல நேரம் குறைந்த ஆபத்து. தீயணைப்பு வீரர்களே சிலிண்டரைத் தண்ணீரால் குளிரவைத்துக்கொண்டு காஸை எரிந்து தீரவிடுவதுண்டு.

சுடர் சிலிண்டரின் உடலையே நக்கிக்கொண்டிருந்தால் ஒரு நொடியும் நிற்காதீர்கள். உள்ளே திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். திரவ மட்டத்துக்கு மேலே இருக்கும் இரும்புச் சுவர் சூட்டில் பலம் இழக்கும். சிலிண்டர் வெடித்துப் பிளக்கலாம்.

கிரிலுக்குள் கொழுப்பு சொட்டிப் பற்றுவது வேறு. அதற்குக் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, கிரில் மூடியையும் மூடிவிடுங்கள். எரிகிற கொழுப்பில் தண்ணீர் ஊற்றினால் தீ மேலே சிதறும்.

பற்றவைக்கும்போது 'டப்' என்று வெடித்து முகத்தருகே சுடர் வந்தது. கசிவா?

பெரும்பாலும் மூடியை மூடிவைத்துக் குமிழைத் திறந்ததன் விளைவு. மூடிக்குள் காஸ் சேர்ந்து, பொறி பட்டதும் ஒரேயடியாக எரிகிறது. எப்போதும் மூடியைத் திறந்துவைத்துப் பற்றவையுங்கள், அதன்மேல் குனியாதீர்கள். 5 நொடிக்குள் பற்றவில்லையென்றால் குமிழை மூடி 5 நிமிடம் பொறுங்கள். மறுபடி மறுபடி பொத்தானைத் தட்டிக்கொண்டே காஸை விடுவதுதான் கெடுதல்.

குமிழ்ப் பலகைக்குப் பின்னால் தீ எரிகிறது. அங்கே ஏன் வந்தது?

காஸும் காற்றும் கலந்து போகும் பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். இந்தச் சின்னக் குழாய்களுக்குள் சிலந்திகளும் பூச்சிகளும் குடியேறுவது சகஜம், அதிலும் பல மாதம் தொடாமல் வைத்த கிரிலில். வழி அடைபட்டதும் காஸ் திரும்பிக் குழாயின் வாய்ப்பக்கம் வந்து அங்கேயே பற்றுகிறது. சிலிண்டரை மூடுங்கள், ஆறட்டும், பர்னரைக் கழற்றிக் குழாயை நீளத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் சோம்பலான மஞ்சளாக எரிவது இதற்கு முன்னறிவிப்பு.

புது சிலிண்டர் மாட்டியதும் சுடர் மிகவும் சின்னதாக எரிகிறது. எங்கோ கசிகிறதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில ரெகுலேட்டர் இணைப்புகளில் காஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் வழியைக் குறுக்கிவிடும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டரைச் சட்டென்று திறந்தாலோ அது கசிவு என்று நினைத்துக் குறுக்கிக்கொள்ளும். சிலிண்டரை மூடி, குமிழ்களைத் திறந்து ஒரு நிமிடம் விட்டு மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி பொருத்தி, சிலிண்டரை நிதானமாகத் திறங்கள். அப்படியும் சுடர் சிறியதாகவே இருந்தால் நுரைச் சோதனைக்குப் போங்கள். அந்த அமைப்பு நிஜமான கசிவைக் கண்டுபிடித்திருக்கலாம்.

சிலிண்டர் மேல் பனி படிந்திருக்கிறது.

நிறைய நேரம் நான்கைந்து பர்னர் எரிந்தால் உடலின் கீழ்ப்பாதியில் ஈரமோ பனியோ படியலாம். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் இணைப்பிலோ வால்விலோ ஒரே இடத்தில் பனி கட்டினால் அங்கே கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில், தோல் உறைந்து வெந்த புண்ணாகும்.

கடும் வெயிலில் சிலிண்டர் திடீரென்று சீறியது.

அது பாதுகாப்பு வால்வாக இருக்கலாம். வெயிலில் உள்ளழுத்தம் எல்லை தாண்டினால் கொஞ்சம் காஸை வெளியே விட்டுச் சிலிண்டரைக் காப்பாற்றும். சிலிண்டரில் 80 சதவீதம்தான் திரவம் நிரப்புவார்கள், சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதற்காக. அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் சீறுவது சீக்கிரம் நடக்கும். விலகி இருங்கள், நெருப்பை அண்டவிடாதீர்கள், நிற்காமல் சீறினால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அந்த வால்வை எதைக்கொண்டும் அடைக்கக் கூடாது.

என் கிரில் குழாய் வழி எரிவாயுவில் ஓடுகிறது. இதெல்லாம் பொருந்துமா?

நுரைச் சோதனையும் மூடியைத் திறந்து பற்றவைப்பதும் அப்படியே பொருந்தும். மாறுவது இரண்டு. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலகு; அது மேலே போய்க் கூரைக்கு அடியில் சேரும். மேலும் சிலிண்டர் தீர்வதுபோல இது தீராது. கிரிலுக்கு முன்னால் குழாயில் இருக்கும் அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கான கிரிலைக் குழாயிலோ குழாய்க்கானதைச் சிலிண்டரிலோ நீங்களாக மாட்டாதீர்கள், அழுத்தமும் துளை அளவும் வேறு.

மழை வந்தால் கிரிலை உள்ளே தள்ளி, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கலாமா?

முடியாது. கசிவே இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, மூக்கு எச்சரிக்காது, மயக்கம்தான் முதல் தகவலாக வரலாம். கார் நிறுத்தும் கொட்டகையும் கூடாரமும் இதே கணக்கில்தான் சேரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது? சிலிண்டரை எங்கே வைப்பது?

ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும், நீண்ட நாள் தொடாமல் வைத்த கிரிலை மறுபடி எடுக்கும்போதும், கிரிலை இடம் மாற்றியபின்னும் நுரைச் சோதனை செய்யுங்கள். இடையில் ட்யூபை மடக்கிப் பார்த்து வெடிப்பு தேடுங்கள். எலி கொறித்த தடம், சொட்டிய கொழுப்பால் மெத்தென்று ஊறிய பகுதி, கிரிலின் சூடான அடிப்பாகத்தில் உரசும் இடம் மூன்றையும் குறிப்பாகப் பாருங்கள்.

சமைத்து முடித்ததும் குமிழோடு நிறுத்தாமல் சிலிண்டரையும் மூடுங்கள். உபரி சிலிண்டரைக் கிரிலுக்கு அடியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள், நிலவறையில், கார் நிறுத்தும் அறையில் எந்தச் சிலிண்டரும் வேண்டாம், தீர்ந்துபோன சிலிண்டரும் வேண்டாம். தீர்ந்தது என்று நாம் சொல்லும் சிலிண்டரிலும் காஸ் மிச்சம் இருக்கும். வெளியில், நிழலில், சமதரையில், நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் ஆவி வரவேண்டிய வழியில் திரவம் வரும், ரெகுலேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.